சட்டமே சுட்ட காலம்: டெக்சஸ் எல்லையில் மெக்சிகோ வம்சாவளியினர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடையிலான எல்லை ஏறக்குறைய 3,100 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரியோ கிராண்டே ஆற்றின் வழியே செல்கிறது. ஆற்றின் வடகரையில் டெக்சஸ் மாநிலம்; தென்கரையில் மெக்சிகோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, இந்த வடகரையில் மெக்சிகோ வம்சாவளியினர் மீது இடைவிடாத வன்முறை நடந்தது. சிலர் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்டார்கள். சிலர் காவலர்களின் பிடியில் இருக்கும்போதே சுடப்பட்டார்கள். ஊரே இரவோடு இரவாகக் காலியான இடங்களும் உண்டு.

வில்லியம் கேரிகன், கிளைவ் வெப் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடி, 2013ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார்கள். 1848க்கும் 1928க்கும் இடையே அமெரிக்காவில் கும்பல்களால் கொல்லப்பட்ட மெக்சிகோ வம்சாவளியினர் 547 பேரை அவர்களால் உறுதிசெய்ய முடிந்தது. டெக்சஸில் 232 பேர், கலிபோர்னியாவில் 143 பேர், நியூ மெக்சிகோவில் 87 பேர், அரிசோனாவில் 48 பேர். ஆதாரம் கிடைத்தவை மட்டுமே இந்தக் கணக்கில் உள்ளன. கும்பல் கொலைகளைத் தொகுத்த பழைய பட்டியல்கள் இறந்தவர்களைக் கறுப்பர், வெள்ளையர் என்று இரண்டாக மட்டுமே பிரித்தன. மெக்சிகோ வம்சாவளியினர் வெள்ளையர் பத்தியில் சேர்க்கப்பட்டதால், அவர்களுக்கு நேர்ந்த கொடுமை தனித்துத் தெரியாமலே போயிற்று.

எல்லை நகர்ந்தது, மக்கள் நகரவில்லை

டெக்சஸ் ஒரு காலத்தில் மெக்சிகோவின் மாகாணம். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1836இல் கலகம் செய்து அதைத் தனி நாடாக அறிவித்தார்கள். 1845இல் டெக்சஸ் அமெரிக்காவுடன் இணைந்தது. அதன் தென் எல்லை நியூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ. அதற்கும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. இந்தத் தகராறு 1846இல் போராக வெடித்தது. போரில் தோற்ற மெக்சிகோ, 1848 பிப்ரவரி 2 அன்று குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. டெக்சஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அது இழந்தது. பதிலுக்கு அமெரிக்கா கொடுத்தது 1.5 கோடி டாலர்.

இழந்த நிலத்தில் 80,000 முதல் 1,00,000 வரை மெக்சிகோ குடிமக்கள் வாழ்ந்துவந்தார்கள். அங்கேயே தங்கினால் ஓராண்டில் அமெரிக்கக் குடியுரிமை உண்டு. சொத்துக்குப் பாதுகாப்பும் உண்டு என்றது உடன்படிக்கை. பெரும்பாலோர் தங்கினார்கள். ஆனால் ஸ்பெயின், மெக்சிகோ அரசுகள் வழங்கியிருந்த நில மானியங்களுக்கு உறுதி தந்த பத்தாவது பிரிவை அமெரிக்க செனட் சபை நீக்கிவிட்டே உடன்படிக்கையை ஏற்றது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுவே வித்து.

தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த நிலம் தங்களுடையதுதான் என்று இந்தக் குடும்பங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் நீதிமன்றங்களில் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்குச் செலவுக்கே நிலத்தை விற்றவர்கள் உண்டு. வரி பாக்கி என்ற பெயரில் ஏலத்தில் இழந்தவர்களும், துப்பாக்கிக்குப் பயந்து அடிமாட்டு விலைக்கு எழுதிக்கொடுத்தவர்களும் உண்டு. டெக்சஸில் வேர்கொண்ட மெக்சிகோ வம்சாவளியினர் தெஹானோக்கள் எனப்பட்டார்கள்; ஆங்கிலம் பேசும் வெள்ளையர்கள் ஆங்கிலோக்கள் எனப்பட்டார்கள். எல்லைப் பகுதியின் வன்முறையை இந்த இரு தரப்புக்கும் இடையிலான நிலப் போட்டியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

தொடக்க கால மோதல்கள்

போர் முடியும் தறுவாயிலேயே கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அங்கே அனுபவமிக்க மெக்சிகோ சுரங்கத் தொழிலாளர்கள்மீது 1850இல் மாதம் 20 டாலர் வரி விதிக்கப்பட்டது. அவர்களைச் சுரங்கங்களிலிருந்து விரட்டுவதே அதன் நோக்கம். 1851 ஜூலை 5 அன்று டவுனிவில் என்ற சுரங்க ஊரில், தன் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்திருந்த ஒரு வெள்ளையரைக் கத்தியால் குத்திக் கொன்ற ஹோசெஃபா என்ற மெக்சிகோ பெண்ணை, ஊர்க்கூட்டம் தானே விசாரித்துத் தானே தீர்ப்பளித்து ஆற்றுப்பாலத்தில் தூக்கிலிட்டது.

டெக்சஸில் 1857இல் நடந்தவை மாட்டு வண்டிப் போர் என்று அழைக்கப்படுகின்றன. துறைமுகத்திலிருந்து சான் அந்தோனியோ நகருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில் தெஹானோ வண்டிக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் கேட்ட கூலி குறைவு. போட்டியைத் தாங்க முடியாத ஆங்கிலோ வண்டிக்காரர்கள் முகமூடி அணிந்து வண்டிகளை மறித்தார்கள், சரக்கைக் கொள்ளையடித்தார்கள், வண்டிக்காரர்களைக் கொன்றார்கள். வாஷிங்டனில் இருந்த மெக்சிகோ தூதர் கண்டனம் தெரிவித்த பிறகே மாநில அரசு வண்டிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இரண்டாண்டு கழித்து, 1859 ஜூலையில், பிரவுன்ஸ்வில் ஊரில் ஒரு காவல் அதிகாரி தெஹானோ கூலியாள் ஒருவரை நடுத்தெருவில் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூலியாள் முன்பு வேலை செய்த நில உடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹுவான் கோர்டினா, அதிகாரியைத் தோளில் சுட்டுவிட்டுக் கூலியாளைக் குதிரையில் ஏற்றிச் சென்றார். செப்டம்பர் 28 அன்று சுமார் எழுபது பேருடன் திரும்பிவந்து ஊரையே கைப்பற்றினார். தெஹானோக்களின் நிலம் பறிபோவதையும் அவர்களைக் கொன்றவர்கள் தண்டனையின்றித் திரிவதையும் அவர் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. ராணுவமும் ரேஞ்சர் படையும் அந்த ஆண்டு இறுதியில் அவரை முறியடித்தன. ஏழை மக்களுக்கு அவர் வீரர், ஆங்கிலோக்களுக்குக் கொள்ளைக்காரர். ஒரே ஆளை இரு தரப்பும் இப்படி எதிரெதிராகப் பார்க்கும் வழக்கம் எல்லையில் இதற்குப் பின்னரும் நீடித்தது.

டெக்சஸ் ரேஞ்சர்கள் 1820களில் குடியேறிகளைக் காக்கத் தொடங்கப்பட்ட குதிரைப் படையினர். பூர்வகுடிகளை விரட்டுவதும், தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிப்பதும், எல்லையில் மெக்சிகோ வம்சாவளியினரை அடக்குவதும் அவர்களுடைய வேலைகளாயின. 1875இல் லியாண்டர் மெக்நெல்லி என்ற கேப்டனின் பிரிவு, கால்நடைத் திருடர்கள் என்று கூறிப் பலரைப் பாலோ ஆல்டோ புல்வெளியில் கொன்று, சடலங்களைப் பிரவுன்ஸ்வில் சதுக்கத்தில் அடுக்கிவைத்தது. பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்து தகவல் கறந்தபின் மரத்தில் தொங்கவிடுவது இந்தப் பிரிவின் நடைமுறை.

1877இல் மேற்கே எல் பாசோ கவுண்டியில் உப்புப் போர் நடந்தது. குவாதலூப்பே மலையடிவாரத்து உப்பு ஏரிகளில் சான் எலிசாரியோ ஊர் மக்கள் காலங்காலமாக இலவசமாக உப்பு எடுத்துவந்தார்கள். சார்லஸ் ஹோவர்ட் என்ற அரசியல்வாதி ஏரிகளுக்கு உரிமை கோரி விலை வைத்தார். ஊர் திரண்டது. முற்றுகையிடப்பட்ட ரேஞ்சர் பிரிவு சரணடைந்தது. ஹோவர்டையும் வேறு இருவரையும் கூட்டம் சுட்டுக் கொன்றது. பின்னர் ரேஞ்சர்களும், நியூ மெக்சிகோவிலிருந்து திரட்டி வரப்பட்ட கூலிப்படையினரும் ஊருக்குள் புகுந்து கொலை, கொள்ளை, பாலியல் வன்முறையில் இறங்கினார்கள். அதன்பின் மக்கள் உப்புக்கு விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

ரயில் வந்தபின் மாறிய ஊர்கள்

ரியோ கிராண்டேயின் தென்கோடிப் பள்ளத்தாக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒதுக்குப்புறமாகவே இருந்தது. அங்கே ஆங்கிலோக்கள் சிறுபான்மையினர். பல குடும்பங்கள் தெஹானோ குடும்பங்களோடு பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஸ்பானிஷ் மொழி பேசி வாழ்ந்தன. 1904இல் பிரவுன்ஸ்வில் ஊருக்கு ரயில் பாதை வந்ததும் இந்த நிலை தலைகீழானது. ஆற்று நீரை நிலத்துக்குப் பாய்ச்சும் திட்டங்கள் தொடங்கின. மேய்ச்சல் காடு காய்கறித் தோட்டமாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறியது. நில விலை பல மடங்கு ஏறியது. நடு மேற்கு மாநிலங்களிலிருந்து வெள்ளை விவசாயிகளை ரயில் ரயிலாக நில வியாபாரிகள் அழைத்துவந்தார்கள்.

புதிதாக வந்தவர்களுக்குத் தெஹானோக்கள் அண்டை வீட்டாரும் அல்லர், உறவினரும் அல்லர். கூலிக்கு ஆள் மட்டுமே. பள்ளிகள், உணவகங்கள், குடியிருப்புகள் தனித்தனியாயின. 1902இல் கொண்டுவரப்பட்ட வாக்கு வரியும், வெள்ளையர் மட்டும் பங்கேற்கும் உட்கட்சித் தேர்தல்களும் தெஹானோக்களின் வாக்குரிமையை அரித்தன. நிலம் கைமாறும் வேகம் கூடியது.

ரயில் வருவதற்கு முன்பே இரு தரப்புக்கும் இடையே இருந்த இறுக்கத்துக்கு 1901இல் நடந்த கிரகோரியோ கோர்டெஸ் விவகாரம் சான்று. குதிரைத் திருட்டு பற்றி விசாரிக்க வந்த கார்ன்ஸ் கவுண்டி ஷெரீப், மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட குழப்பத்தால் கோர்டெஸ் பொய் சொல்கிறார் என்று நினைத்து, அவருடைய அண்ணனைச் சுட்டார். கோர்டெஸ் திருப்பிச் சுட்டதில் ஷெரீப் இறந்தார். பத்து நாட்கள், நூற்றுக்கணக்கான மைல்கள், கால்நடையாகவும் குதிரையிலும் அவர் எல்லையை நோக்கி ஓடினார். அவரைத் தேடிய ஆயுதக் குழுக்கள் வழியில் தொடர்பில்லாத மெக்சிகோ வம்சாவளியினரையும் கொன்றன. லரெடோ அருகே பிடிபட்டு, பல வழக்குகளுக்குப் பின் சிறை சென்ற கோர்டெஸை 1913இல் மாநில ஆளுநர் மன்னித்து விடுவித்தார். அவரைப் பற்றிய கதைப்பாடல் எல்லையெங்கும் பரவியது. ஆங்கில நாளேடுகள் எழுதாத வரலாற்றைக் கிதாரோடு பாடிய நாட்டுப் பாடகர்கள் காப்பாற்றினார்கள்.

1910 நவம்பர் 3 அன்று, ராக்ஸ்பிரிங்ஸ் ஊரில், ஒரு வெள்ளைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இருபது வயது அந்தோனியோ ரொத்ரிகெஸைக் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துவந்தது. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு உறவான மெஸ்கீட் மரத்தில் கட்டி, எண்ணெய் ஊற்றி உயிரோடு எரித்தது. விசாரணை எதுவும் நடக்கவில்லை. கொன்றவர்களும் தண்டிக்கப்படவில்லை. இந்தச் செய்தி மெக்சிகோவை உலுக்கியது. தலைநகரிலும் குவாதலஹாராவிலும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அமெரிக்கர்களின் கடைகள் தாக்கப்பட்டன. சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸுக்கு எதிரான புரட்சி அந்த மாதமே தொடங்கியது.

அடுத்த ஆண்டு ஜூனில், தார்ன்டேல் ஊரில் 14 வயதுச் சிறுவன் அந்தோனியோ கோமெஸ் கும்பலால் தூக்கிலிடப்பட்டான். இவ்விரு கொலைகளும் தெஹானோக்களை ஒன்றுதிரள வைத்தன. லரெடோவில் லா குரோனிகா என்ற இதழை நடத்திய நிகாசியோ இதார் குடும்பத்தினர் 1911 செப்டம்பரில் முதல் மெக்சிகன் மாநாட்டைக் கூட்டினார்கள். கும்பல் கொலை, பள்ளிகளில் பாகுபாடு, நில இழப்பு மூன்றும் அங்கே விவாதிக்கப்பட்டன. மகள் ஹோவிதா இதார் மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1914இல் அவர் பணிசெய்த இன்னொரு இதழின் அலுவலகத்தை மூட ரேஞ்சர்கள் வந்தபோது வாசலை மறித்து நின்று திருப்பி அனுப்பினார். அவர் இல்லாத நேரத்தில் அவர்கள் மீண்டும் வந்து அச்சு இயந்திரத்தை உடைத்துப் போட்டார்கள்.

1915: லா மதான்சா

மெக்சிகோ புரட்சி எல்லையின் இருபுறமும் அகதிகளையும் ஆயுதங்களையும் கொண்டுவந்து சேர்த்தது. 1915 ஜனவரியில் மெக்காலன் ஊரில் பசிலியோ ராமோஸ் என்பவர் கைது செய்யப்பட்டார். அவரிடம் சான் டியகோ திட்டம் என்ற அறிக்கை இருந்தது. டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, கலிபோர்னியா ஆகியவற்றை அமெரிக்காவிடமிருந்து மீட்பது, பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலோ ஆண்களைக் கொல்வது, கறுப்பர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் நிலம் தருவது என்று அது பேசியது. பிப்ரவரி 20 அன்று தொடங்கும் என்று அறிவிக்கப்பட்ட கிளர்ச்சி அன்று நடக்கவில்லை. ஆனால் ஜூலை முதல் அக்டோபர் வரை லூயிஸ் தெ லா ரோசா, அனிசேதோ பிசான்யா ஆகியோர் தலைமையில் சிறு குழுக்கள் பண்ணைகளையும் ரயில் பாலங்களையும் தாக்கின. ஆகஸ்ட் 8 அன்று கிங் பண்ணையின் நோரியாஸ் பிரிவு தாக்கப்பட்டது. அக்டோபர் 18 அன்று ஓல்மிட்டோ அருகே ஒரு ரயில் கவிழ்க்கப்பட்டது. இத்தாக்குதல்களில் ஆங்கிலோக்கள் சுமார் இருபது பேர் இறந்தார்கள்.

பதிலடி, தாக்குதலை நடத்தியவர்களோடு நிற்கவில்லை. ஒட்டுமொத்தத் தெஹானோ சமூகமும் சந்தேகத்துக்குள்ளானது. ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன் அனுப்பிய கேப்டன் ஹென்றி ரான்சமின் ரேஞ்சர்கள், உள்ளூர் ஷெரீப்பின் ஆட்கள், ஆயுதம் தாங்கிய ஊர்க்காவல் குழுக்கள் என்று பலரும் கொலையில் இறங்கினார்கள். கறுப்புப் பட்டியல்கள் தயாராயின. பட்டியலில் பெயர் இருந்தவர்கள் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. நோரியாஸ் தாக்குதலுக்குப் பின், இறந்தவர்களின் உடல்களைக் கயிற்றில் கட்டி ரேஞ்சர்கள் குதிரைமேல் அமர்ந்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் அஞ்சலட்டையாக விற்கப்பட்டது. மெக்சிகோ வம்சாவளியினரின் சடலங்கள் கிடைப்பது அன்றாடச் செய்தியாகி ஆர்வமே குறைந்துவிட்டதாக சான் அந்தோனியோ நாளேடு ஒன்று அந்தச் செப்டம்பரில் எழுதியது. தெஹானோக்கள் இந்த மாதங்களுக்கு வைத்த பெயர் லா மதான்சா, அதாவது படுகொலை.

செப்டம்பர் 27 அன்று நடந்தது இதன் தன்மையைச் சொல்லும். 67 வயது ஹேசுஸ் பசானும் அவருடைய மருமகன் அந்தோனியோ லொங்கோரியாவும் இதால்கோ கவுண்டியின் மதிப்புமிக்க நில உடைமையாளர்கள். தங்கள் குதிரைகளைக் கொள்ளைக் குழு பறித்துச் சென்றதை ரேஞ்சர்களிடம் தெரிவிக்கப் போனார்கள். புகார் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியில், ரான்சமும் உடனிருந்தவர்களும் காரில் பின்தொடர்ந்து வந்து முதுகில் சுட்டார்கள். உடல்கள் வெயிலில் கிடந்தன. அடக்கம் செய்யக்கூட உறவினர்கள் அஞ்சினார்கள். சில நாள் கழித்து, கொலையைப் பார்த்த பண்ணையாள் ஒருவர் உதவியோடுதான் புதைக்கப்பட்டார்கள்.

ஓல்மிட்டோ ரயில் கவிழ்ப்புக்குப் பின் ரான்சம் பிடித்துவைத்திருந்த நால்வரைக் காட்டுக்குள் கூட்டிச் சென்று சுட்டுக் கொன்றார் என்று கேமரன் கவுண்டி ஷெரீப் டபிள்யூ. டி. வான் பின்னர் சாட்சியம் அளித்தார். அந்தக் கொலைகளில் சேர மறுத்த வான், வேறு இருவரைத் தன் காவலில் எடுத்துக்கொண்டார். அவ்விருவரும் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்தது.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒற்றை எண் இல்லை. பிரவுன்ஸ்வில் வழக்கறிஞர் ஃபிராங்க் பியர்ஸ் 102 பேரைப் பட்டியலிட்டார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் குறைந்தது 300 என்கிறார்கள். 500 முதல் 5,000 வரை இருக்கலாம் என்று 1935இல் எழுதியவர், ரேஞ்சர்களைப் புகழ்ந்து வரலாறு எழுதிய வால்டர் பிரெஸ்காட் வெப். கொன்றவர்கள் கணக்கு வைக்கவில்லை. உறவினர்கள் வாய் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பயிரையும் கால்நடையையும் விட்டுவிட்டு ஆற்றைக் கடந்து ஓடினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தில் கணிசமான பகுதி வேறு கைகளுக்குப் போனது. மெக்சிகோவில் புரட்சித் தலைவர் கரான்சாவின் அரசை அமெரிக்கா அக்டோபரில் அங்கீகரித்த பின் எல்லைத் தாக்குதல்கள் அடங்கின. அதற்குள் பள்ளத்தாக்கின் உருவமே மாறிவிட்டது.

குளியலும் அவமதிப்பும்

கொலை அச்சம் இல்லாத இடத்திலும் அன்றாட இழிவு இருந்தது. எல் பாசோவில் டைபஸ் காய்ச்சலைத் தடுப்பதாகக் கூறி மெக்சிகோ வம்சாவளியினருக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல் கலந்த பேன் நீக்கக் குளியல் கட்டாயமாக்கப்பட்டது. 1916 மார்ச்சில் நகரச் சிறையில் அப்படிக் குளிப்பாட்டும்போது தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு இந்த முறை எல்லைப் பாலத்துக்கும் வந்தது. மறுகரையின் ஹுவாரெஸ் நகரிலிருந்து தினமும் வீட்டு வேலைக்கு வந்துபோன பெண்கள் உடை களைந்து நிற்க வேண்டியிருந்தது. 1917 ஜனவரி 28 அன்று காலை, பதினேழு வயது வேலைக்காரப் பெண் கார்மெலிதா தோரெஸ் டிராமிலிருந்து இறங்கிக் குளிக்க மறுத்தார். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் பாலத்தை மறித்தார்கள். போராட்டம் ஒடுக்கப்பட்டது, கட்டாயக் குளியல் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

போர்வெனீர்

மேற்கு டெக்சஸில், ரியோ கிராண்டே கரையில், போர்வெனீர் என்ற சிற்றூரில் சுமார் 140 பேர் பயிர் செய்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் நாளில் பிரைட் பண்ணையை மெக்சிகோவிலிருந்து வந்த கொள்ளையர்கள் தாக்கினார்கள். போர்வெனீர் மக்களுக்கு அதில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் ஏதுமில்லை. ஆனாலும் கேப்டன் ஃபாக்ஸின் ரேஞ்சர் பிரிவு ஊரைச் சோதனையிட்டது. கிடைத்தவை ஓரிரு துப்பாக்கிகள் மட்டுமே.

1918 ஜனவரி 28 அதிகாலை ரேஞ்சர்கள் மீண்டும் வந்தார்கள். கூடவே உள்ளூர்ப் பண்ணையாளர்கள் நால்வரும் ராணுவக் குதிரைப்படை வீரர்களும் இருந்தார்கள். மக்கள் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டார்கள். 15 ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டார்கள். அவர்களில் மிக இளையவருக்கு 16 வயது, மிக மூத்தவருக்கு 72. ஊருக்கு அருகிலிருந்த பாறைக் குன்றுக்குக் கொண்டுசென்று அனைவரையும் சுட்டுக் கொன்றார்கள். விடிந்ததும் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹாரி வாரன் சடலங்களைப் பார்த்து இறந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்தார். இறந்தவர்களில் அவருடைய மாமனாரும் ஒருவர். பெண்களும் குழந்தைகளும் உடல்களைச் சுமந்து ஆற்றைக் கடந்து மெக்சிகோ மண்ணில் புதைத்தார்கள். ஊர் தரைமட்டமாக்கப்பட்டது.

தங்களை நோக்கிச் சுட்டதால் திருப்பிச் சுட்டோம் என்றார் ஃபாக்ஸ். வாரனும் தப்பிப் பிழைத்தவர்களும் மெக்சிகோ தூதரகமும் அதை மறுத்தார்கள். 1918 ஜூனில் ஆளுநர் வில்லியம் ஹாபி ஐந்து ரேஞ்சர்களை நீக்கி, பிரிவையே கலைத்தார். ஃபாக்ஸ் பதவி விலகினார். ஆனால் கொலை வழக்கு யார்மீதும் வரவில்லை.

சட்டமன்றத்தில் ஒரு குரல்

டெக்சஸ் சட்டமன்றத்தில் அப்போது மெக்சிகோ வம்சாவளி உறுப்பினர் ஒருவரே இருந்தார். பிரவுன்ஸ்வில் வழக்கறிஞரான ஹோசே தோமாஸ் கனாலெஸ், அன்றைய கோர்டினாவின் உறவு வழியில் வந்தவர். ரேஞ்சர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தகுதியையும் பொறுப்பையும் நிர்ணயிக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். படையின் மீது 19 குற்றச்சாட்டுகளை அடுக்கினார். ஃபிராங்க் ஹேமர் என்ற ரேஞ்சர் அவரைத் தெருவில் மறித்து மிரட்டினார். பின்னாளில் பானி, கிளைடு என்ற கொள்ளை ஜோடியைச் சுட்டு வீழ்த்திப் புகழ்பெற்றவர் இவர்தான். மிரட்டல் பற்றி முறையிட்டும் ஹேமர்மீது நடவடிக்கை இல்லை.

1919 ஜனவரி 31 முதல் இரண்டு வாரம் விசாரணை நடந்தது. சுமார் எண்பது பேர் சாட்சி சொன்னார்கள். சாட்சியங்கள் 1,600 பக்கங்கள் நிறைந்தன. கைதிகளைக் கொன்றது, குடித்துவிட்டு ஆட்டம் போட்டது, குற்றவாளிகளைப் படையில் சேர்த்தது எல்லாம் பதிவாயின. குழு சில தவறுகளை ஒப்புக்கொண்டு, கூடவே ரேஞ்சர்களின் சேவையைப் பாராட்டியும் அறிக்கை தந்தது. மசோதாவின் கடுமையான பிரிவுகள் நீக்கப்பட்டன. ஆனாலும் படை பெரிதும் சுருக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்த படை சில பிரிவுகளாகக் குறைந்தது. சாட்சியப் பதிவுகளை அச்சிட சட்டமன்றம் மறுத்தது. 1970கள் வரை அவை பொதுமக்கள் கண்ணில் படவில்லை. கனாலெஸ் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை.

கும்பல் கொலை ஓய்ந்தது எப்படி

மெக்சிகோ தூதரகங்கள் ஒவ்வொரு கொலையையும் விடாமல் வாஷிங்டனுக்குக் கொண்டுசென்றன. கறுப்பினத்தவருக்கு இல்லாத ஒரு துணை இது: கேள்வி கேட்க ஓர் அயல்நாட்டு அரசு இருந்தது. 1895இல் கலிபோர்னியாவின் வைரீக்காவில் கொல்லப்பட்ட லூயிஸ் மொரேனோவின் குடும்பத்துக்கு அமெரிக்க அரசு 2,000 டாலர் இழப்பீடு தந்தது. 1926இல் இரு நாட்டுக் கூட்டு ஆணையம், 1919இல் ஆற்றைக் கடக்கும்போது அமெரிக்க ராணுவ அதிகாரியின் குண்டுக்குப் பலியான ஒரு சிறுமியின் பெற்றோருக்கும் 2,000 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. கேரிகனும் வெப்பும் பதிவு செய்த கடைசிக் கும்பல் கொலை 1928 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டனில் நடந்தது.

கும்பல்கள் ஓய்ந்தாலும் பாகுபாடு சட்டங்களின் வடிவில் தொடர்ந்தது. எல்லைக் காவல் படை 1924இல் உருவானது; முன்னாள் ரேஞ்சர்கள் சிலர் அதில் சேர்ந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். எதிர்ப்பும் வடிவம் மாறியது. 1929இல் கார்பஸ் கிறிஸ்டியில் லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் கூட்டமைப்பு தொடங்கியது. அதன் அமைப்பு விதிகளை எழுதியவர்களில் கனாலெஸும் ஒருவர். மெக்சிகோ வம்சாவளியினரை ஜூரியிலிருந்து விலக்குவது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறதியும் மீட்பும்

பள்ளிப் பாடநூல்களும் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ரேஞ்சர்களை அப்பழுக்கற்ற வீரர்களாகவே காட்டின. இந்தப் படத்தில் முதல் விரிசலை உண்டாக்கியவர் பிரவுன்ஸ்வில்லில் பிறந்த நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அமேரிகோ பரேதெஸ். கோர்டெஸ் கதைப்பாடலை ஆராய்ந்து 1958இல் அவர் வெளியிட்ட நூல், எல்லை மக்களின் நினைவை வரலாற்றுச் சான்றாக முன்வைத்தது. இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் காத்துவந்த புகைப்படங்களும் கடிதங்களும் பின்னர் ஆய்வாளர்களை வந்தடைந்தன.

2013இல் மோனிகா முன்யோஸ் மார்டினெஸ், பெஞ்சமின் ஜான்சன் உள்ளிட்ட பேராசிரியர்கள் சேர்ந்து இந்த வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சியைத் தொடங்கினார்கள். 2016இல் ஆஸ்டின் நகரிலுள்ள மாநில வரலாற்று அருங்காட்சியகம் 1910 முதல் 1920 வரையான எல்லை வன்முறையைப் பற்றிக் கண்காட்சி நடத்தியது. போர்வெனீர் குன்றடியில் 2015இல் அகழாய்வு செய்தபோது கிடைத்த தோட்டாக்கள், தப்பியவர்கள் சொன்னதை உறுதிப்படுத்தின. 1915 படுகொலைக்கும் போர்வெனீருக்கும் மாநில வரலாற்று ஆணையம் நினைவுப் பலகைகள் வைத்தது.

2019 ஆகஸ்ட் 3 அன்று ஓர் இளைஞர் டாலஸ் பகுதியிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டி எல் பாசோ வந்து, வால்மார்ட் கடையில் துப்பாக்கியால் சுட்டார். 23 பேர் இறந்தார்கள். ஹிஸ்பானியர்கள் டெக்சஸைப் படையெடுத்துப் பிடிக்கிறார்கள் என்று அவர் முன்கூட்டியே இணையத்தில் எழுதியிருந்தார். ஆயுள் தண்டனைகள் பெற்று அவர் சிறையில் இருக்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே அச்சத்தைச் சொல்லிக் கொன்றவர்களில் பலர் அரசின் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவரும் சிறை செல்லவில்லை.

எல்லையில் நடந்தவற்றைக் காட்டுப்புறத்துச் சட்டமின்மை என்று சொல்லும் பழைய விளக்கம் ஆவணங்களின் முன் நிற்பதில்லை. அங்கே சட்டம் இருந்தது. ஷெரீப்பும் நீதிமன்றமும் ரேஞ்சர் படையும் இருந்தன. அவை நிலம் வேண்டியவர்கள் பக்கம் நின்றன. கொலைகளைவிட நீண்ட காலம் நீடித்தது அவற்றைப் பற்றிய மௌனம். 1,600 பக்கச் சாட்சியம் அரை நூற்றாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்ததற்கு மறதி காரணமல்ல. அது ஒரு முடிவு.